கம்பெனிப் பங்கும் கடைக்காரர் கணக்கும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கப்பித்தான் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் நம்மவர்கள், பக்கத்துத் தெருக்களிலுள்ள சாப்பாட்டுக் கடைகளில் நால்வர் ஐவராகக் கூடி உட்காருவது நெடுநாளைய வழக்கம். முன்பெல்லாம் அங்கே பேச்சு கப்பல் வரவு, துணி விலை, ஊர்க் கடிதம் என்று போகும். இப்போது சில ஆண்டுகளாகக் கம்பெனிப் பங்குதான் பேச்சு. ஒருவர் கையுறைக் கம்பெனி இன்னும் ஒருமுறை எழும் என்கிறார். மற்றொருவர், நம் கண்ணெதிரே பாயான் லெப்பாசில் ஓடுகிற செமிகண்டக்டர் கம்பெனிகளை விட்டுவிட்டு வேறெங்கே போகிறீர் என்கிறார். மூன்றாமவர், பேங்க் நெகாரா வட்டியைக் குறைத்துவிட்டது, இனி எல்லாப் பங்கும் ஏறத்தான் போகிறது என்று அடித்துச் சொல்கிறார். வட்டியே நமக்கு ஆகாது, அது ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று ஒரு பெரியவர் குறுக்கே கேட்கிறார். வாதம் முற்றுகிறது, தேத்தண்ணீர் ஆறிப் போகிறது.

வணிகர் வணிகம் பேசுவதில் குற்றமில்லை. ஆனால் ஒன்று என் மனத்தை நெடுநாளாய் உறுத்துகிறது. இதே மனிதரிடம் ஒருவர் வந்து, "சூலியா தெருவில் எங்கள் கடையில் கால் பங்கு தருகிறோம், பத்தாயிரம் வெள்ளி கொடுங்கள்" என்று கேட்டால் உடனே எடுத்து நீட்டுவாரா? மாட்டார். முதலில் பேரேட்டைக் கேட்பார். வாடகை ஒப்பந்தம் இன்னும் எத்தனை ஆண்டு, வெளியே நிற்கும் பாக்கியில் வரும் பாக்கி எவ்வளவு, வராப் பாக்கி எவ்வளவு என்று கேட்பார். கிட்டங்கிக்குப் போய், அங்கிருப்பது விற்கும் சரக்கா அல்லது கிடக்கும் சரக்கா என்று மூட்டையைத் தட்டிப் பார்ப்பார். பங்காளி எப்படிப்பட்டவர் என்று நாலு பேரிடம் விசாரிப்பார். ஒரு மாதமாவது யோசிப்பார். அந்தப் பத்தாயிரம் வெள்ளி கம்பெனிப் பங்குக்குப் போகும்போது மட்டும், ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் காரியம் முடிந்துவிடுகிறதே, இது ஏன்?

கம்பெனிப் பங்கும் கடைப் பங்கும் ஒரே இனம். கம்பெனியின் நிலம், யந்திரம், சரக்கு, பாக்கி, கடன் எல்லாவற்றிலும் ஒரு சிறு கூறு உங்களுடையதாகிறது. லாபத்தில் கூறு உண்டு, நஷ்டத்திலும் கூறு உண்டு. நம் முன்னோர் கூட்டு வியாபாரம் என்றும், கிதாபுகளில் முஷாரக்கா என்றும் சொல்லப்படுவதன் சாயல்தான் இது. வித்தியாசம் ஒன்றே. கடைப் பங்கை விற்க ஆள் தேட வேண்டும். கம்பெனிப் பங்கை விற்க ஒரு நிமிஷம் போதும். விற்பது சுலபம் என்பதாலேயே வாங்குவதும் சுலபம் என்று நினைத்துவிடுகிறோம்.

நம் நாட்டில் இந்தச் சந்தை பழையது. 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங் 9 பென்ஸ் வரை ஏறியபோது, மரம் நட்டு முடியாத தோட்டங்களின் பங்கைக்கூட ஜனங்கள் போட்டியிட்டு வாங்கினார்கள். ரப்பர் இறங்கியதும் பங்கும் இறங்கியது. 1960ஆம் ஆண்டு மே 9ந் தேதி மலாயா பங்குச் சந்தையில் பகிரங்க வியாபாரம் தொடங்கிற்று; அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் ஓர் அறை, கோலாலம்பூரில் ஓர் அறை, இரண்டுக்கும் இடையே டெலிபோன் கம்பி. 1973இல் இரு நாட்டுச் சந்தைகளும் பிரிந்தன. கோலாலம்பூர்ச் சந்தை 2004இல் புர்சா மலேசியா எனப் பெயர் பெற்றது.

1993ஆம் ஆண்டை நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு தொடக்கத்தில் கோலாலம்பூர்ப் பங்குக் குறியீடு 640ஐ ஒட்டி நின்றது. ஆண்டு முடிவில் 1,275. ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பு! டாக்சி ஓட்டுபவரும் பங்கு பேசினார், பள்ளிக்கூட வாத்தியாரும் பங்கு பேசினார். நான் அப்போது பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு துணிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளி காக்கா நாணயமானவர், ஒரு காசு தவறாதவர். பெருநாள் சரக்குக்காக ஒதுக்கி வைத்திருந்த பணம் அவரிடம் இருந்தது. 1994இல் நோன்பு பிப்ரவரியிலேயே வந்துவிட்டதால் டிசம்பரிலேயே சரக்குக்குச் சொல்லிவிட வேண்டும். "ஒரு மாதம் பங்கில் போட்டு எடுத்தால் அந்த லாபத்தில் இன்னும் இருபது பேல் சேர்த்து வரவழைக்கலாம், தம்பி" என்றார். நானும் தலையை ஆட்டினேன். எனக்கு அப்போது என்ன தெரியும்!

முதலில் காக்கா ரொக்கம் கொடுத்து வாங்கினார். பிறகு தரகர் 'கொண்ட்ரா' சொல்லிக் கொடுத்தார். அதாவது, இன்று வாங்கு, பணம் கட்டாதே. கெடு வருவதற்குள் விற்றுவிடு. இடையிலுள்ள வித்தியாசம் லாபமானால் உனக்கு, நஷ்டமானால் நீ கட்டு. இதில் கம்பெனி எது, அது என்ன செய்கிறது என்று கேட்க இடமே இல்லை. கைக்கு வராத சரக்கை விற்பது பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று ஆலிம்சா ஒருவர் எச்சரித்ததும் காதில் ஏறவில்லை. 1994 ஜனவரி 5ந் தேதி குறியீடு 1,314ஐத் தொட்டது. அதன் பின் இறக்கம். அந்த ஆண்டு முடிவில் 971. ஆனால் ஆண்டு முடிவு வரை காத்திருக்கக் காக்காவுக்கு ஏது அவகாசம்? கொண்ட்ரா நஷ்டத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்தது. மிச்சப் பங்கைப் பாதி விலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. அந்த நோன்பில் பக்கத்துக் கடைகளில் ஜனம் நிற்க இடமில்லை. எங்கள் அலமாரியில் போன ஆண்டுச் சரக்கு. 'சரக்கு வந்துவிட்டதா' என்று கேட்டு வந்த பழைய வாடிக்கைக்காரர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். அவர்களில் பலர் அதற்கடுத்த ஆண்டும் திரும்பி வரவில்லை. பங்கில் போன பணத்தைவிட அதுதான் பெரிய நஷ்டம். அது எந்தத் தரகர் சீட்டிலும் எழுதப்படவில்லை.

பிறகு 1997 வந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதமே பங்கு வாங்கக் கொடுக்கும் கடனுக்குப் பேங்க் நெகாரா வரம்பு கட்டிவிட்டது: வர்த்தக வங்கிகளின் மொத்தக் கடனில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. பிப்ரவரியில் 1,270ஐ எட்டியிருந்த குறியீடு 1998 செப்டம்பர் 1ந் தேதி 262க்கு வந்து நின்றது. ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்தது, 1998 ஜனவரியில் 4 வெள்ளி 88 காசு வரை போயிற்று. பேங்க் நெகாராவின் வட்டி விகிதம் 1998 பிப்ரவரியில் 11 சதவீதம். கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் இரண்டு பக்கமும் அடிபட்டார்கள்: அடகு வைத்த பங்கின் விலை கீழே, கடனின் செலவு மேலே. 1998 செப்டம்பரில் ஒரு டாலர் 3 வெள்ளி 80 காசு என்று அரசாங்கம் நிலைநிறுத்தியது. 2005 ஜூலை வரை அது நீடித்தது.

இனி, வட்டி ஏறினால் நமக்கென்ன என்று கேட்ட பெரியவருக்கு வருவோம். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் நமக்கு விலக்கப்பட்டவை. அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் விலையை நிர்ணயிக்கும் சந்தையில் நாம் மட்டுமா இருக்கிறோம்? ஆண்டுக்கு 12,000 வெள்ளி வாடகை வரும் ஒரு கடை வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைச் சும்மா வங்கியில் வைத்தால் 4 சதவீதம் கிடைக்கும் என்ற காலத்தில், அதே வருமானத்துக்காக ஒருவர் 3 லட்சம் வெள்ளி வரை கொடுக்கத் துணிவார். வங்கியில் 6 சதவீதம் கிடைத்தால் அவர் 2 லட்சத்துக்கு மேல் ஏறமாட்டார். வீடு அதே வீடு, குடியிருப்பவர் அதே ஆள், வாடகையும் அதே வாடகை. விலையில் மட்டும் ஒரு லட்சம் காணாமற் போயிற்று. கம்பெனிப் பங்கின் விலையும் இப்படியே வட்டியைப் பார்த்து ஆடுகிறது. அன்றியும், கம்பெனி வாங்கியுள்ள கடனுக்குச் செலவு ஏறினால் லாபத்தில் நம் கூறு குறைகிறது.

இன்னொரு விஷயமும் பெரியவர் கவனிக்கத்தக்கது. இஸ்லாமிய வங்கியில் மாறும் விகிதத்தில் வீட்டுக்கு நிதியுதவி பெற்றவர்களின் மாதத் தவணையும் பேங்க் நெகாராவின் ஓ.பி.ஆர். விகிதத்தோடுதான் ஏறி இறங்குகிறது. 2022 ஆகஸ்டு முதல், மாறும் விகிதத்தில் தரப்படும் புதிய வீட்டுக் கடன்களும் இஸ்லாமிய நிதியுதவிகளும் ஒரே அடிப்படை விகிதத்தில் கட்டப்பட்டுள்ளன. அந்த விகிதம் ஓ.பி.ஆரை மட்டுமே பின்பற்றுகிறது. தொற்று நோய்க் காலத்தில், 2020 ஜூலையில், அது 1.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 மே முதல் படிப்படியாக உயர்ந்து 2023 மேயில் 3 சதவீதமாயிற்று. 2025 ஜூலையில் 2.75க்கு இறங்கிற்று. வட்டி விலக்கப்பட்டது என்பதற்காக அது நம் தவணைச் சீட்டைத் தொடாமல் போவதில்லை.

ஆனாலும் 'வட்டி குறைந்தது, எல்லாப் பங்கும் ஏறும்' என்ற நண்பரின் பேச்சும் அரை உண்மையே. வட்டி ஏன் குறைகிறது? வியாபாரம் மந்தமாகும் என்று அஞ்சித்தான் பெரும்பாலும் குறைக்கிறார்கள். வியாபாரம் மந்தமானால் கம்பெனியின் விற்பனை என்னாவது? காரணத்தைக் கேட்காமல் விகிதத்தை மட்டும் பார்ப்பது, காற்றைப் பாராமல் பாயை மட்டும் பார்ப்பது போல.

அடுத்து, கம்பெனியின் எதிர்காலம் பற்றிய வாதம். இதற்கு 2020இல் கண்ட கையுறைக் கதையைவிட நல்ல பாடம் கிடைக்காது. டாப் குளோவ் என்ற கம்பெனி 1991இல் தொடங்கி உலகிலேயே பெரிய கையுறை உற்பத்தியாளராக வளர்ந்தது, அதில் சந்தேகமில்லை. 2019 ஆகஸ்டில் முடிந்த கணக்காண்டில் அதன் லாபம் சுமார் 365 மில்லியன் வெள்ளி. தொற்று நோய் வந்தது. உலகமெல்லாம் கையுறை கேட்டது. 2021 ஆகஸ்டில் முடிந்த ஆண்டில் லாபம் 7.8 பில்லியன் வெள்ளிக்கு மேல், அதாவது இருபது மடங்குக்கும் அதிகம்! ஆனால் பங்கு விலை அந்த லாபத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2020 ஆகஸ்டிலேயே பங்கு 28 வெள்ளியைத் தாண்டிற்று. கம்பெனி முழுவதற்கும் சந்தை போட்ட விலை ஏறக்குறைய 75 பில்லியன் வெள்ளி.

அப்போது நடந்த வாதத்தை நினைத்துப் பாருங்கள். 'வரப்போகும் லாபத்தைப் பார்த்தால் இது பத்தாண்டு லாபம்கூட இல்லை, மலிவு' என்றார் ஒருவர். கணக்குப்படி அவர் சொன்னது பிழையன்று. 'பழைய லாபத்தைப் பார்த்தால் இது இருநூறு ஆண்டு லாபம்' என்றார் இன்னொருவர். அதுவும் பிழையன்று. வித்தியாசமெல்லாம் ஒரே கேள்வியில் இருந்தது: இந்த லாபம் ஒவ்வோர் ஆண்டும் வருவதா, ஒரு தடவை வருவதா?

இதற்குப் பதில் சொல்ல வெளிநாட்டுப் படிப்பு தேவையில்லை. நம் கடைத் தெருவே போதும். அதே 2020இல் முகக் கவசம் விற்றவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஏப்ரலில் ஒரு கவசத்துக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை 1 வெள்ளி 50 காசு. ஆகஸ்டில் அதை 1 வெள்ளி 20 காசாகக் குறைத்தது. அதன் பின்னும் குறைத்தது. ஏன் குறைக்க முடிந்தது? சரக்கு வந்து குவிந்தது. லாபம் கண்ட இடத்தில் பத்துப் பேர் வந்து கடை போடுவார்கள் என்பதைத் தள்ளுவண்டிக்காரரும் அறிவார். முகக் கவசத்தைக் கிட்டங்கி நிறைய வாங்கிப் போடாமல் சாமர்த்தியமாக ஒதுங்கிய ஒருவர், அதே மாதத்தில் கையுறைப் பங்கை உச்ச விலையில் வாங்கினார் என்பது எனக்கு நேரில் தெரியும். கடையில் இருந்த அறிவைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்!

பிறகு நடந்தது தெரிந்ததே. 2020 செப்டம்பரில் ஒரு பங்குக்கு இரண்டு இலவசப் பங்கு கொடுத்தார்கள். 'இரண்டு பங்கு சும்மா கிடைக்கிறது' என்று அதற்காகவே வாங்கியவர்கள் உண்டு. ஒரு ரொட்டியை மூன்றாக வெட்டினால் ரொட்டி மூன்றாகிவிடுமா? அந்தக் கணக்கில் 28 வெள்ளிப் பங்கு 9 வெள்ளிச் சொச்சம் ஆயிற்று. 2022இல் அது ஒரு வெள்ளிக்கும் கீழே போயிற்று. 2023 ஆகஸ்டில் முடிந்த ஆண்டில் கம்பெனிக்கு 900 மில்லியன் வெள்ளிக்கு மேல் நஷ்டம். இடையில் தொழிலாளர் நடத்தப்படும் விதத்தைக் காட்டி அமெரிக்கச் சுங்கத்தார் 2020 ஜூலை முதல் சரக்கைத் தடுத்ததும், அந்த ஆண்டு நவம்பரில் கிள்ளான் தொழிற்சாலைகளில் நோய் பரவியதும் சேர்ந்துகொண்டன. தொழிலாளர் தங்குமிடம் எப்படியிருக்கிறது என்பதும் லாபக் கணக்கில் ஒரு வரிதான் என்பதை அன்று பலர் புதிதாகக் கற்றார்கள்.

பாயான் லெப்பாஸ் கம்பெனிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1972இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்து, இண்டெல் போன்றவர்கள் வந்த நாள் முதல் நம் தீவின் பிழைப்பில் பெரும்பகுதி அங்கேதான். நம் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். ஆனால் வாசல் வழியாகப் போய் வருவதால் ஒரு கம்பெனியின் கணக்கு நமக்குத் தெரிந்துவிடாது. அவற்றுள் பெரும்பாலானவை டாலரில் விற்று வெள்ளியில் சம்பளம் கொடுப்பவை. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4 வெள்ளி 80 காசை ஒட்டி நின்றது; அதே ஆண்டு செப்டம்பரில் 4 வெள்ளி 12 காசு அளவுக்கு வந்தது. பத்து லட்சம் டாலர் விற்றவருக்கு 48 லட்சம் வெள்ளிக்குப் பதிலாக 41 லட்சம். ஒரு யந்திரமும் நிற்கவில்லை, ஒரு ஆர்டரும் குறையவில்லை. ஏழு லட்சம் போயிற்று. இதை எல்லோருக்கும் முன்னால் அறிபவர்கள் நம் நாணயமாற்றுக் கடைக்காரர்களே. அவர்களும் பங்கு வாங்கும்போது இதைக் கேட்பதில்லை என்பதுதான் விந்தை.

ஹலால் பட்டியலைப் பற்றியும் ஒரு தப்பபிப்பிராயம் நிலவுகிறது. பங்கு ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 1996இல் அமைந்து, 1997 ஜூனில் முதற் பட்டியலை வெளியிட்டது. ஆண்டுதோறும் மே, நவம்பர் மாதங்களில் புதிய பட்டியல் வருகிறது. 'பட்டியலில் இருக்கிறது, பயமில்லை' என்று நம்மவர்கள் சொல்லக் கேட்கிறேன். பட்டியல் சொல்வது அந்தக் கம்பெனியில் பங்கு கொள்ளலாமா கூடாதா என்பதை மட்டுமே. லாபம் வருமா என்பதையோ விலை நியாயமா என்பதையோ அன்று. ஆட்டிறைச்சி ஹலால்தான், அதற்காகக் கிலோ இருநூறு வெள்ளிக்கு வாங்குவோமா? எனினும் பட்டியலிலிருந்து வியாபாரத்துக்கும் ஒரு பயன் உண்டு. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த முறையின்படி, வட்டிக்கு வாங்கிய கடன் கம்பெனியின் மொத்தச் சொத்தில் 33 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் 150க்கு மேற்பட்ட பங்குகள் பட்டியலிலிருந்து நீங்கின. கடன் மிகுந்த கடையோடு கூட்டுச் சேரக் கூடாது என்று நம் பாட்டனார் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. கையிலுள்ள பங்கு பட்டியலை விட்டு நீங்கினால் எப்போது விற்க வேண்டும், எந்த லாபம் தர்மத்துக்குப் போக வேண்டும் என்பதும் பட்டியலிலேயே விளக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைப் படியாமல் விடாதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க வசதி இருக்கிறதா என்றால், நிறைய இருக்கிறது. புர்சா மலேசியாவில் பதிவான ஒவ்வொரு கம்பெனியின் ஆண்டறிக்கையும், மூன்று மாதத்துக்கொருமுறை வரும் கணக்கும் காசில்லாமல் எவரும் பார்க்கும்படி வெளியாகின்றன. ஐந்தொகை பார்க்கத் தெரிந்தவருக்கு அதில் புதிது ஒன்றுமில்லை. வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு, கடன், கைரொக்கம் எல்லாம் நம் சிட்டையிலும் பேரேட்டிலும் உள்ளவைதாம். எண்கள் மட்டும் பெரியவை.

சென்ற ஆண்டு, மொத்த வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர் இப்படி ஓர் ஆண்டறிக்கையை எடுத்துக்கொண்டு கடையடைக்கும் நேரத்தில் என்னிடம் வந்தார். கம்பெனி விற்பனை இருபது சதவீதம் ஏறியிருக்கிறது, வாங்கலாமா என்றார். இஷாவுக்குப் பின் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். விற்பனை ஏறியது உண்மை. வரவேண்டிய பாக்கி அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஏறியிருந்தது. கைரொக்கம் குறைந்திருந்தது. தம்பி சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "காக்கா, வருஷக் கடைசியில் சரக்கைக் கடனுக்குத் தள்ளிவிட்டு, விற்றுவிட்டேன் என்று எழுதுவார்களே, அதுபோல அல்லவா இருக்கிறது" என்றார். அவர் கடையில் ஒரு பழைய பங்காளி அப்படிச் செய்து போனவர். அதனால் அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. வாங்கவில்லை.

அந்தப் பங்கு அதற்குப் பின் பத்துக் காசு ஏறியிருக்கிறது. நண்பர்கள் அவரைக் கேலி செய்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். இந்த நோன்புக்கு அவருடைய சரக்கு ரஜப் மாதத்திலேயே கிட்டங்கிக்கு வந்துவிட்டது.